பழைய கைக்கடிகாரத்துக்கு உதிரிபாகம்: எந்தப் பாகத்தை எந்த வழியில் தேடுவது?

சில ஆண்டுகளுக்கு முன், கீழே விழுந்து நின்றுபோன ஒரு பழைய சுவிஸ் கைக்கடிகாரத்தைத் திறந்தபோது, இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் வீலைத் தாங்கும் அச்சான பாலன்ஸ் ஸ்டாஃபின் ஒரு முனை ஒடிந்திருப்பதைக் கண்டேன். உள்ளே இருந்த மெஷினின் மாதிரியைக் குறிக்கும் காலிபர் எண்ணைப் படித்து, அதே எண் அச்சிடப்பட்ட, இதுவரை பிரிக்கப்படாத பழைய உதிரிபாக உறை ஒன்றைத் தேடி வாங்கினேன். பாகம் அசல்தான், உறையும் அசல்தான், எண்ணும் பிசகவில்லை. ஆனாலும் அந்த ஸ்டாஃப் பொருந்தவில்லை. அதே காலிபர் அதிர்ச்சித் தடுப்பு உள்ளதாகவும் இல்லாததாகவும் இரண்டு வகையில் தயாரிக்கப்பட்டிருந்தது என்பதும், இரண்டுக்கும் ஸ்டாஃபின் நீளமும் முனையின் வடிவமும் வேறு என்பதும் அதன் பிறகே தெரிந்தது.

பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் பொதுவாக ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குகிறார்கள்: இந்த வாட்சுக்குப் பாகம் எங்கே கிடைக்கும்? என் அனுபவத்தில் அந்தக் கேள்வியே சற்றுத் தவறானது. பயன்படுத்தப்படாத பழைய இருப்பு, உதிரிக்காகவே வாங்கிப் பிரிக்கும் இன்னொரு வாட்ச், வேறு தயாரிப்பாளர் இன்று புதிதாகச் செய்யும் பாகம், அதே குடும்பத்தைச் சேர்ந்த உறவுக் காலிபரின் பாகம், தயாரித்த நிறுவனத்தின் சேவை மையம், உடைந்ததையே சரிசெய்வது என்று வழிகள் பல உள்ளன. அவற்றில் எது சிறந்தது என்பதை வாட்சை வைத்து முடிவுசெய்ய முடியாது. பாகத்தை வைத்தே முடிவுசெய்ய முடியும். ஒரே வாட்சில், அது ஓட விசை தரும் மெயின் ஸ்பிரிங்கைப் புதிதாக வாங்குவதும், பாலன்ஸை இன்னொரு வாட்சிலிருந்து எடுப்பதும், டயலைத் தொடாமல் விடுவதும் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் அல்ல.

எண்ணும் வடிவமும்

டயலில் உள்ள பெயரை வைத்துப் பாகம் தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சலாக முடியும். இருபதாம் நூற்றாண்டின் சுவிஸ் வாட்சுகளில் பெரும்பகுதி, தனியாக மெஷின் மட்டும் தயாரித்த நிறுவனங்களிடமிருந்து வாங்கிய மெஷின்களைக் கொண்டவை. ஏ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடோல்ஃப் ஷில்ட், எஃப்.எச்.எஃப்., ஏட்டா, யூனிட்டாஸ், பெசூ, ஃபெல்சா, வால்ஜூ, வீனஸ், லாண்டரான் ஆகியவை அத்தகைய பெயர்கள்; அவற்றுள் பல, 1926இல் தொடங்கப்பட்ட எபோஷ் எஸ்.ஏ. என்ற கூட்டமைப்பின்கீழ் வந்தன. ஆகவே டயலில் எவருக்கும் தெரியாத ஒரு பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது லட்சக்கணக்கில் தயாரான ஒரு மெஷினாக இருக்கக்கூடும். அப்படியானால் பாகம் கிடைப்பது எளிது. மாறாக, டயலில் புகழ்பெற்ற பெயர் இருந்து, மெஷினும் அந்த நிறுவனம் தானே செய்ததாக இருந்தால், தேடல் அந்த ஒரே குடும்பத்துக்குள் சுருங்கிவிடும்.

காலிபர் எண் பெரும்பாலும் மெஷினின் அடித்தகடான மெயின் பிளேட்டில், பாலன்ஸ் வீலுக்கு அடியில் மிகச் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்; அருகில் தயாரிப்பாளரின் சின்னமும் இருக்கும். சிலவற்றில் இது டயலுக்கு அடியில் மறைந்திருக்கும் என்பதால் டயலைக் கழற்றாமல் படிக்க இயலாது. எண்ணே இல்லாத மெஷின்களும் உண்டு. அப்போது மெஷினின் விட்டத்தை அளந்து, லீன் என்ற பழைய பிரெஞ்சு அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு லீன் ஏறத்தாழ 2.256 மில்லிமீட்டர், எனவே 10½ லீன் மெஷின் என்றால் 23.7 மில்லிமீட்டர். அதன் பிறகு, சாவி கொடுக்கவும் நேரம் திருத்தவும் உதவும் டயல் பக்கத்துப் பாகங்களின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். செட்டிங் லீவர் ஸ்பிரிங் என்ற தகட்டின் வெட்டு ஒவ்வொரு காலிபருக்கும் தனித்தன்மை உடையது. பெஸ்ட்ஃபிட் என்ற பழைய பாகப் பட்டியல் இந்த வடிவங்களைக் கைரேகைபோல வரிசைப்படுத்தியதே அதன் பெருமை; இன்றும் எண் இல்லாத மெஷினை அடையாளம் காண இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

காலிபர் தெரிந்தபின் பாக எண் வருகிறது. சுவிஸ் மெஷின் தயாரிப்பாளர்கள் பொதுவான ஓர் எண்வரிசையைப் பின்பற்றினார்கள்: சாவித்தண்டுக்கு 401, செட்டிங் லீவருக்கு 443, அதன் ஸ்பிரிங்குக்கு 445, விசையைப் பல் பல்லாக விடும் எஸ்கேப் வீலுக்கு 705, அதைத் தடுத்துத் தடுத்து விடும் பேலட் ஃபோர்க்குக்கு 710, மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குடன் கூடிய முழு பாலன்ஸுக்கு 721, வெறும் ஸ்டாஃபுக்கு 723, மெயின் ஸ்பிரிங்குக்கு 770. விற்பவரிடம் பாகத்தை வாயால் விவரிப்பதைவிடக் காலிபர் எண்ணையும் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வது எவ்வளவோ பாதுகாப்பானது. சில பெரிய நிறுவனங்கள் மட்டும் தமக்கென்று தனி எண்வரிசை வைத்திருந்தன. ஒமேகாவில் மெயின் ஸ்பிரிங்குக்கு 1208 என்று எண். அதன் முன் வரும் காலிபர் எண் குடும்பத்தின் மூத்த காலிபருடையதாக இருக்கும். 565 காலிபருக்கு மெயின் ஸ்பிரிங் தேடுபவர், 550 என்று அச்சிட்ட உறையைப் பார்த்து வேறு எதற்கோ உரியது என்று ஒதுக்கிவிட்டால், சரியான பாகத்தையே தவறவிடுவார்.

ஆனால் காலிபர் எண் மட்டும் முழு விடையைத் தந்துவிடாது என்பதற்கு என் ஸ்டாஃபே சாட்சி. ஒரே எண்ணுக்குள் மூன்று இடங்களில் வேறுபாடு ஒளிந்திருக்கும். முதலாவது, இன்காப்ளாக், கிஃப் போன்ற அதிர்ச்சித் தடுப்பு அமைப்புகள். ஒரே மெஷினில் இவற்றில் ஒன்று இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது, துடிப்பு வேகம்: யூனிட்டாஸ் வழிவந்த 6497-1 மணிக்கு 18,000 முறையும், 6497-2 மணிக்கு 21,600 முறையும் துடிக்கின்றன, மெஷினின் உருவம் ஒன்றாகவே தெரிந்தாலும், ஒன்றின் பாலன்ஸை மற்றொன்றில் வைத்தால் வாட்ச் ஓடும், ஆனால் நேரம் ஒருபோதும் சரிவராது. மூன்றாவது, உயரம். டயலின் தடிமனுக்கும் முட்களின் அமைப்புக்கும் ஏற்ப, நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியனும் மணிமுள்ளைத் தாங்கும் சக்கரமும் பல உயரங்களில் செய்யப்பட்டன. குட்டையானதை வாங்கிவிட்டால் முட்கள் ஒன்றோடொன்று உரசும். நெட்டையானதை வாங்கினால் மேலே கண்ணாடியில் இடிக்கும். பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல், 0.01 மில்லிமீட்டர் வரை அளந்து குறித்துவைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு.

பழைய இருப்பா, இன்னொரு வாட்சா

மெஷின் தயாரான காலத்திலேயே அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டு, உறையிலேயே தங்கிவிட்ட பாகம் எல்லோருக்கும் முதல் விருப்பமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. அளவு சரியாக இருக்கும், உலோகத்தின் தரம் சரியாக இருக்கும், தேய்மானம் இருக்காது. பேலட் ஃபோர்க், எஸ்கேப் வீல், சாவிப் பகுதியின் லீவர்கள், சிறிய ஸ்பிரிங்குகள் போன்ற எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருந்தால் ஐம்பது ஆண்டுகள் உறையில் கிடந்தாலும் கெட்டுப்போவதில்லை. இவற்றைப் பொறுத்தவரை பழைய இருப்புக்கு இணையானது வேறு எதுவும் இல்லை என்பதே என் முடிவு.

ஆனால் "பழைய இருப்பு" என்ற சொல்லின் கவர்ச்சியில், காலத்தால் கெடும் பாகங்களையும் சிலர் அதே ஆசையோடு வாங்குகிறார்கள். நீல நிறம் கொண்ட பழைய கார்பன் எஃகு மெயின் ஸ்பிரிங், சுருட்டிய நிலையிலேயே பல்லாண்டுகள் கிடந்ததால் தன் விறைப்பை இழந்திருக்கும், அல்லது முதன்முறை சாவி கொடுக்கும்போதே படீரென்று ஒடியும். ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருக்கும். பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகியோ நுண்ணிய வெடிப்புகளோடோ இருக்கும். இவற்றில் அசல் உறைக்கு மதிப்புக் கொடுப்பது, உறைக்காகவே விலை கொடுப்பதாகும். இன்னொரு சிக்கல், உறைக்குள் இருப்பது உறையில் எழுதியிருப்பதுதானா என்பது. பட்டறைகளில் பல கைகள் மாறும்போது, கழற்றிய பழைய பாகத்தை அதே உறையில் போட்டுவைக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. ஒட்டு பிரிக்கப்பட்ட உறை என்றால், உள்ளிருக்கும் பாகத்தின் அருகாமைப் படத்தைக் கேட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

உதிரிக்காக அதே காலிபர் கொண்ட இன்னொரு வாட்சையோ வெறும் மெஷினையோ வாங்குவது, பார்வைக்கு வீண் செலவு போலத் தோன்றினாலும், தொடக்க நிலையில் உள்ளவருக்கு நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். எந்தப் பாகம் தேவைப்படும் என்று முன்கூட்டியே முழுமையாக யாராலும் சொல்ல முடியாது; ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று தெறித்துப் போய் மேசைக்கு அடியில் காணாமல்போகும், ஒரு திருகின் தலை உடையும். முழு மெஷின் கையில் இருந்தால் இந்தச் சிறு விபத்துகள் எல்லாம் பெரிய தேடல்களாக மாறுவதில்லை. மேலும், பாகங்கள் அவை ஓடிய இடத்திலேயே இருப்பதால், எது எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு நேரடி மாதிரியும் கிடைக்கிறது. வாங்கிய மெஷினை முதலில் உதிரியாகப் பார்க்காமல் பயிற்சிக் களமாகப் பார்த்து, அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிவிட்டு, அதன் பிறகு நம் வாட்சைத் தொடுவது நல்லது.

இந்த வழியின் குறை, பலரும் வாங்கிய பிறகே கவனிக்கும் ஒன்று: ஒரு காலிபரின் பலவீனமான இடம் எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடமாகவே இருக்கும். என் வாட்சில், கை அசைவால் சாவி ஏற்றும் தானியங்கிச் சுழலியின் அச்சு தேய்ந்திருக்கிறது என்றால், அதே வயதுள்ள மற்றொரு வாட்சிலும் அந்த அச்சே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். செட்டிங் லீவர் ஸ்பிரிங்கின் மெல்லிய கால் ஒடிவது ஒரு காலிபரின் பிறவிக் குறை என்றால், "ஓடவில்லை, உதிரிக்கு" என்று விற்கப்படும் மெஷின்களில் பாதியிலாவது அந்தக் கால் ஏற்கெனவே ஒடிந்திருக்கும். ஆகவே சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் பிரிட்ஜுகள், திருகுகள், சக்கரங்கள், பாலன்ஸ் போன்றவற்றுக்கு இந்த வழி சிறந்தது. எப்போதும் தேயும் அல்லது ஒடியும் பாகங்களுக்குப் பழைய இருப்பையோ புதிய தயாரிப்பையோ தேடுவதே மேல். வாங்குவதற்கு முன், எந்தப் பாகம் நமக்குத் தேவையோ அந்தப் பாகத்தின் படத்தையே கேட்க வேண்டும்; வாட்ச் "சற்றே ஓடுகிறது" என்ற உறுதிமொழி எதையும் நிரூபிப்பதில்லை.

நன்றாக ஓடும் ஒரு வாட்சை வெறும் திருகுக்காகப் பிரிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேஸ் அரித்துப்போன, டயல் பாழான, எவரும் அணிய விரும்பாத வாட்சுகள் போதுமான அளவு கிடைக்கின்றன.

பாலன்ஸ்: ஸ்டாஃபா, முழுத் தொகுதியா

ஒடிந்த பாலன்ஸ் ஸ்டாஃபுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு: 723 என்ற வெறும் ஸ்டாஃபை வாங்கி மாற்றுவது, அல்லது 721 என்ற முழு பாலன்ஸை வாங்கி அப்படியே வைப்பது. முதலாவது மலிவாகவும் நேர்மையாகவும் தோன்றும், ஏனெனில் வாட்சின் அசல் பாலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் அதனுடனேயே இருக்கும். ஆனால் பெரும்பாலான ஸ்டாஃபுகள் பாலன்ஸின் கைகளோடு அடித்துப் பிணைக்கப்பட்டவை. பழையதை வெளியேற்ற, சிறு லேத்தில் வைத்து அந்தப் பிணைப்பைக் கடைந்து நீக்க வேண்டும். அவசரப்பட்டுத் தட்டி வெளியேற்றினால் பாலன்ஸின் நடுத்துளை விரிந்து, பிறகு எந்த ஸ்டாஃபும் உறுதியாக நிற்காது. புதியதைப் பிணைத்த பின் வீல் தட்டையாகவும் வட்டமாகவும் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும், எடைச் சமநிலையையும் சரிசெய்ய வேண்டும். ஸ்டாஃபின் முனையோ ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியின் பருமன். இவ்வளவு வேலையும் கைவந்தவரிடம் ஒப்படைக்க முடிந்தால் மட்டுமே 723 சிறந்த தேர்வு. தானே செய்ய விரும்பும் ஆர்வலருக்கு, நல்ல நிலையில் உள்ள மெஷினிலிருந்து எடுத்த முழு பாலன்ஸே ஏற்றது. வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று இசைவாகச் சரிசெய்யப்பட்டவை என்பதால், ஹேர் ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடிக்கும் ஸ்டட்டைப் பொருத்தி, சிறிது நேரத் திருத்தம் செய்தால் போதும்.

வீலை ஒரு மெஷினிலிருந்தும் ஹேர் ஸ்பிரிங்கை இன்னொன்றிலிருந்தும் எடுத்து இணைப்பதுதான் செய்யக் கூடாத வேலை. இரண்டும் இணைந்தே துடிப்பைத் தீர்மானிக்கின்றன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் வெப்பநிலை. சாதாரண எஃகு ஹேர் ஸ்பிரிங் வெப்பத்தில் தளர்வடையும். அதை ஈடுகட்டவே பழைய வாட்சுகளில் பித்தளையும் எஃகும் இணைந்த, விளிம்பில் வெட்டு விழுந்த பாலன்ஸ் வீல் பயன்படுத்தப்பட்டது. 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஷார்ல் எதுவார் கியோம், வெப்பத்தால் மீள்தன்மை மாறாத எலின்வார் என்ற உலோகக் கலவையை உருவாக்கிய பிறகு, அதுவும் அதன் வழிவந்த நிவாராக்ஸும் ஹேர் ஸ்பிரிங்குகளில் இடம்பெற்றன. வெட்டில்லாத, ஒரே உலோகத்தாலான வீலே போதுமானதாயிற்று. வெட்டு விளிம்புள்ள பழைய வீலில் புதிய வகை ஸ்பிரிங்கை இணைத்தால், ஈடுகட்ட எதுவுமே இல்லாத இடத்தில் வீல் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். குளிரில் ஒரு நேரம், வெயிலில் ஒரு நேரம் என்று வாட்ச் காட்டும்.

புதிதாகச் செய்யப்படுபவை

பிற தயாரிப்பாளர்களின் புதிய பாகங்களை "டூப்ளிகேட்" என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் பழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. மெயின் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை அது தவறான பெருமிதம். இன்று கிடைக்கும் துருப்பிடிக்காத உலோகக் கலவை ஸ்பிரிங்குகள், பழைய எஃகைப் போல விறைப்பை எளிதில் இழப்பதில்லை, ஒடிவதும் அரிது. காலிபருக்கென்றே கிடைக்காவிட்டாலும், நான்கு அளவுகள் பொருந்தினால் போதும்: உயரம், தடிமன், நீளம், ஸ்பிரிங் அமரும் உருளையான பேரலின் உள்விட்டம். வெளிமுனையின் வகையையும் பார்க்க வேண்டும். தானியங்கி வாட்சுக்கு பேரல் சுவரில் வழுக்கிச் செல்லும் முனையே தேவை, கையால் சாவி கொடுக்கும் வாட்சின் கொக்கி முனையை அதில் போட்டால் முழுச் சுருளும் இறுகிய பிறகும் சுழலி இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த அளவுகளில் தடிமனுக்கே அதிக மரியாதை தர வேண்டும். உயரம் பத்து சதவீதம் கூடினால் விசையும் பத்து சதவீதம்தான் கூடும். தடிமன் பத்து சதவீதம் கூடினால் விசை முப்பத்து மூன்று சதவீதம் கூடும், ஏனெனில் அது தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. "கொஞ்சம் வலுவான ஸ்பிரிங் போட்டால் நன்றாக ஓடும்" என்ற நம்பிக்கையில் தடித்த ஸ்பிரிங் வைக்கப்பட்ட வாட்சில், பாலன்ஸ் அளவுமீறி ஆடி, அதன் அச்சோடு சுழலும் சிறு கல்லான ரோலர் கல் பேலட் ஃபோர்க்கின் வெளிப்புறத்தில் மோதும். வாட்ச் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தும்.

கண்ணாடிக்கும் இதே நியாயம் பொருந்தும். பிளாஸ்டிக் கண்ணாடிகள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் படியில் கிடைக்கின்றன. கேஸின் விளிம்பைச் சரியாக அளந்தால் எவர் செய்ததும் பொருந்தும். நடுவில் நிறுவனச் சின்னம் பொறித்த கண்ணாடிகள் உண்டு என்பதால், அது முக்கியம் என்று கருதுபவர் மட்டும் அசலைத் தேடலாம். சாவித்தண்டில் மெஷினுக்குள் செல்லும் பகுதி காலிபருக்கு ஏற்ப அமைய வேண்டும். வெளிமுனை எப்படியும் நீளத்துக்கு வெட்டப்படுவதுதான். தண்டின் மரையும் சாவிக் குமிழின் மரையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எளிய வேலை, ஆனால் மறந்துவிடும் வேலையும் அதுவே, 0.90 மில்லிமீட்டர் மரை மிகப் பரவலானது என்பதற்காக அதுவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

சக்கரங்களும் லீவர்களும் வேறு கதை. பல்லின் வடிவம், எஃகின் கடினம் ஆகியவற்றில் மலிவான நகல்கள் தவறுகின்றன. புகழ்பெற்ற மெஷின்களின் வழித்தோன்றல்களாக இன்றும் தயாராகும் மெஷின்களிலிருந்து பாகம் எடுக்கலாமா என்பது இதையொட்டிய கேள்வி. நிறுத்துக் கடிகார வசதியுள்ள வீனஸ் 175 குரோனோகிராஃப் மெஷினைச் செய்யும் கருவிகள் 1960களின் தொடக்கத்தில் சீனாவின் தியான்ஜின் தொழிற்சாலைக்குச் சென்றன, இன்றைய எஸ்.டி.19 அதன் வாரிசு. ஆனால் மூலம் 18,000 துடிப்புடையது, வாரிசு 21,600 துடிப்புடையது. எனவே துடிப்போடு தொடர்புடைய பாகங்கள் மாறி அமையா. மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து, பொருத்திப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அவசரத்துக்கு ஒரு வழி என்ற அளவில்தான் இதை நான் வைக்கிறேன். ஒரே குழுமத்துக்குள் இருக்கும் உறவுக் காலிபர்கள் இதைவிட நம்பத்தக்கவை: ஒமேகாவின் 321 லெமானியா 2310ஐ அடிப்படையாகக் கொண்டது என்பதால், முலாமும் பொறிப்பும் வேறுபட்டாலும் இயக்கப் பாகங்கள் பல பொதுவானவை. பிரிட்ஜ் போன்று கண்ணில் படும் பாகத்தில் மட்டும் நிற வேறுபாடு காட்டிக்கொடுக்கும்.

டயலும் முட்களும்

உள்ளே இருக்கும் பாகங்களில் "சரியானது" என்றால் சரியாக இயங்குவது. வெளியே தெரியும் பாகங்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. டயலும் முட்களும் மெஷினுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது; அந்த மாதிரிக்கும் அந்த ஆண்டுக்கும் பொருந்த வேண்டும். அளவு ரீதியாக இது எளிதே: ஏட்டா 2824க்கு மணிமுள் துளை 1.50, நிமிடமுள் துளை 0.90, விநாடிமுள் துளை 0.25 மில்லிமீட்டர் என்று தெரிந்தால் ஆயிரம் ஜோடி முட்கள் பொருந்தும். அந்த ஆயிரத்தில் அந்த வாட்சுக்கு உரியவை எத்தனை என்பதே கேள்வி. ஒவ்வொரு பாகமும் அசலாகவே இருந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பிறக்காத வாட்சைச் சேகரிப்பாளர்கள் ஃபிராங்கன் வாட்ச் என்கிறார்கள். பழைய சீக்கோவில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: பின்மூடியில் 6309-7040 என்பதுபோல் காலிபரும் கேஸும் சேர்ந்த எண் இருக்கும், வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அடுத்தது மாதத்தையும் குறிக்கும். டயலின் அடிவிளிம்பிலும் அதற்கேற்ற எண் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே இங்கே என் பரிந்துரை எல்லா வழிகளுக்கும் எதிரானது: முடிந்தவரை மாற்றாதீர்கள். கறை படிந்த அசல் டயலை மறுவண்ணம் பூசியதாலோ பளபளக்கும் புது டயலால் மாற்றியதாலோ அழகு கூடலாம், ஆனால் வாட்ச் தன் சான்றை இழக்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதை உறையிலிட்டு வாட்சோடு வைத்திருக்க வேண்டும். ஒளிரும் பூச்சு உள்ள டயலையும் முட்களையும் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. 1960களுக்கு முந்தைய பூச்சுகள் பெரும்பாலும் ரேடியம் கொண்டவை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள் என்பதால், ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நிற்கவில்லை. அதைச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது, தூள் மூச்சில் போவதே ஆபத்து. பிறகு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், டயலின் கீழே "டி" என்ற எழுத்து அதைக் குறிக்கும். டிரிட்டியம் டயலில் இரவு முழுவதும் பிரகாசிக்கும் முட்கள் இருந்தால், முட்கள் மாற்றப்பட்டவை என்று தயங்காமல் சொல்லலாம்.

தயாரித்தவரிடமே கொடுப்பது

தன் முந்தைய படைப்புகளுக்கு நெடுங்காலம் பொறுப்பேற்கும் நிறுவனங்கள் உண்டு. 1839இல் தொடங்கியது முதல் தான் செய்த எந்த வாட்சையும் பழுதுபார்ப்பதாக பட்டேக் ஃபிலிப் கூறுகிறது. ஒமேகாவும் லோஞ்ஜீனும் பழைய வாட்சுகளுக்கெனத் தனிப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. பாகம் சரியானதுதானா என்ற ஐயம் இந்த வழியில் எழாது. செலவும் காத்திருப்பும் அதிகம். எனக்கு உள்ள ஒரே தயக்கம், சேவை மையத்தின் நோக்கமும் உரிமையாளரின் நோக்கமும் ஒன்றல்ல என்பதே. அவர்கள் வாட்சைப் புதியதுபோல் திருப்பித்தர நினைக்கிறார்கள். எனவே டயலையும் முட்களையும் சாவிக் குமிழையும் பின்னாளில் செய்த மாற்றுப் பாகங்களால் நிரப்பி, கேஸைப் பளபளப்பாக்கித் தரக்கூடும். எதைத் தொடக் கூடாது, கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்படைக்கும்போதே எழுத்தில் கொடுப்பது இன்றியமையாதது.

இந்த வழி முக்கியமாவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. 2015ஆம் ஆண்டின் முடிவோடு, ஏட்டா, ஒமேகா, லோஞ்ஜீன் ஆகியவற்றை உடைய ஸ்வாட்ச் குழுமம் மொத்த வணிகர்களுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்தியது. வாட்ச் நிறுவனங்கள் உதிரிபாகம் தர மறுப்பது குறித்து, சுயாதீனப் பழுதுபார்ப்பவர்களின் ஐரோப்பிய அமைப்பு 2004இலேயே தொடுத்த புகார் பல ஆண்டுகள் நடந்து, 2017 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் நிறுவனங்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. எனவே அந்தக் குழுமத்தின் மெஷின்களுக்கு வெளியில் கிடைக்கும் அசல் பாகம் என்பது பெரும்பாலும் குறைந்துகொண்டே போகும் பழைய இருப்புதான்.

எவ்வழியும் அடைபட்ட பாகத்துக்கு, உடைந்ததையே சரிசெய்வதும் புதிதாகக் கடைவதும் எஞ்சுகின்றன. ஒடிந்த சக்கர அச்சுக்குப் புது முனை வைப்பது, தேய்ந்த துளையில் புஷ் என்ற சிறு வளையம் இடுவது, ஸ்டாஃபைக் கம்பியிலிருந்து கடைந்தெடுப்பது ஆகியவை நல்ல கைவினைஞருக்கு அன்றாட வேலை. அரிய காலிபரில் இதுவே மிகச் சரியான வழியாகவும் அமையும், ஏனெனில் வாட்சின் மற்றப் பாகங்கள் அனைத்தும் அப்படியே இருக்கும். முழு மெஷினையே மாற்றிவிடுவதை நான் தேர்வாகவே கருதுவதில்லை. கேஸ் எண்ணும் மெஷின் எண்ணும் பதிவேட்டில் இணைந்திருக்கும் வாட்சுகளில் அது அந்த இணைப்பையே அறுத்துவிடுகிறது.

என் வாட்சுக்கு இறுதியில், டயல் முழுவதும் துருவேறிப்போன ஒரு வாட்சிலிருந்து, இன்காப்ளாக் உள்ள அதே காலிபரின் முழு பாலன்ஸ் கிடைத்தது. வாங்குமுன் கேட்ட படம் ஒன்றுதான்: பாலன்ஸ் கல்லின் மேல் யாழ் வடிவ ஸ்பிரிங் தெரிகிறதா என்று. மெயின் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டேன், கண்ணாடியையும் மாற்றினேன், மஞ்சளேறிய டயலை விட்டுவிட்டேன். பொருந்தாத அந்த ஸ்டாஃப் இன்னும் தன் உறையிலேயே இருக்கிறது. உறையின் மேல் காலிபர் எண்ணுக்குப் பக்கத்தில் "அதிர்ச்சித் தடுப்பு இல்லாதது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.